எழுந்திருக்கக் கூடாத மேசை

வோர்ஷிலா தன் புருஷனுக்கு விஷம் வைத்துவிட்டாள் என்று லிபோவ்னா ஊரே சொன்னபோது, இல்லை என்று சொன்னவள் நான் ஒருத்திதான். நான் ஒன்றும் பெரிய ஆளில்லை. துணி வெளுப்பவள், பெயர் சலோமெனா. ஆனால் அந்த மனுஷன் பத்து நாள் படுத்துக் கிடந்த விரிப்புகளைத் தினமும் துவைத்தவள் நான். செத்த பிறகு அவர் உடம்பைக் குளிப்பாட்டியவளும் நான். இந்த இரண்டில் ஒன்றைக்கூடச் செய்யாதவர்கள், அவர் எப்படிச் செத்தார் என்று எனக்கே பாடம் எடுத்தார்கள்.

செத்தவர் பெயர் யெரோனிம். வானத்தை அளப்பதுதான் அவருக்கு வேலை. பார்லி உலர்த்தும் கொட்டகையின் கூரையில், இரண்டு ஆள் உயரத்துக்கு மரத்திலும் பித்தளையிலும் ஒரு கருவியை நிறுத்தி வைத்திருந்தார். பொழுது சாயும் நேரத்தில் வீடு வீடாக வந்து கதவைத் தட்டி, அடுப்பை அணையுங்கள், உங்கள் புகை என் வானத்தை மறைக்கிறது என்று சண்டை போடுவார். கோடையிலும் கம்பளி பூட்ஸ்தான். சாப்பாடு எப்போதும் நின்றுகொண்டே. உட்கார்ந்தால் தூக்கம் வரும், தூங்கினால் அன்றைய வானம் போச்சு என்பார். காகிதம் கையில் இல்லாவிட்டால் சட்டையின் மணிக்கட்டுப் பட்டியில் கரியால் எழுதி வைப்பார். ஒரு தடவை தெரியாமல் அதைத் துவைத்துவிட்டேன். என் தொட்டி ஓரமாக உட்கார்ந்து சின்னப் பிள்ளை மாதிரி அழுதார்.

"ஏன் ஐயா அழறீங்க? சட்டையிலதானே போச்சு? மேல அப்படியேதானே இருக்கும், போய்த் திரும்பப் பாருங்க," என்றேன். மூக்கைத் துடைத்துக்கொண்டு சிரித்துவிட்டார். அன்றைக்கு அவரை எனக்குப் பிடித்துப் போயிற்று.

யாருக்கும் வளைந்து கொடுக்காத மனுஷன். வானத்தில் புதிதாக ஒரு நட்சத்திரம் பிறந்தது என்று சொன்னார். கடவுள் ஒரு தடவை படைத்த வானத்தில் புதிதாக எதுவும் பிறக்காது, சொன்னதைத் திரும்பப் பெற்றுக்கொள் என்றார் பாதிரியார். இவர் மாட்டேன் என்றார். அதனால் அவருக்கும் வோர்ஷிலாவுக்கும் கல்யாணம் செய்துவைக்கப் பாதிரியார் மறுத்துவிட்டார். பதினாலு வருஷம் கல்யாணமில்லாமலே சேர்ந்து வாழ்ந்தார்கள். ஊர் அவளைப் பொண்டாட்டி என்றும் சொல்லாது, சும்மாவும் விடாது.

இப்படிப்பட்டவருக்கு ஒரே ஒரு ஆசை இருந்தது. கோட்டையின் வடக்குக் கோபுரம். அங்கே கருவியை ஏற்றிவிட்டால் எந்த வீட்டுப் புகையும் எட்டாது. கோபுரம் ஸ்டிபோர் பிரபுவுடையது. ஊரும் அவருடையது, ஏரிகளும் அதில் நீந்தும் மீன்களும் அவருடையவை. பன்னிரண்டு வருஷம் கேட்டும் பிரபு காதில் வாங்கவில்லை. இந்த வருஷம்தான், மார்ட்டின் திருநாள் வாத்து விருந்துக்குத் தன் மேசைக்கே வரச் சொல்லி ஆளனுப்பினார்.

அந்த மேசையைப் பற்றித் தெரியாதவர்கள் எங்கள் ஊரில் கிடையாது. பிரபு கோப்பையைத் தூக்கினால் எல்லோரும் தூக்க வேண்டும், தூக்கினால் காலி செய்ய வேண்டும். பிரபு எழுந்திருக்கும் வரை வேறு யாரும் எழுந்திருக்கக் கூடாது. அவருடைய தாத்தா காலத்திலிருந்து அப்படித்தான். அன்றைக்குப் பிரபு துருக்கியரோடு தான் போட்ட சண்டையை ஆரம்பத்திலிருந்து சொன்னாராம். பகலில் உட்கார்ந்தவர்கள் விளக்கேற்றிய பிறகுதான் எழுந்தார்கள். யெரோனிம் இடுப்பைப் பிடித்துக்கொண்டு குனிந்தபடி வீட்டுக்கு வந்து படுத்தவர், பத்தாம் நாள் செத்துப்போனார்.

அடக்கம் முடிந்த மறுநாளே பீசெக்கிலிருந்து அவருடைய தம்பி ப்ரோகோப் வந்து இறங்கினான். அண்ணன் உயிரோடு இருந்தபோது ஒரு தடவைகூட எட்டிப் பார்க்காதவன். வந்தவன் முதலில் கூரைக்கு ஏறிப் பித்தளையைத் தட்டிப் பார்த்தான். பிறகு சமையலறையைக் குடைந்து, எலிப் பாஷாணம் ஒரு பொட்டலம் கண்டுபிடித்தான். தானியம் இருக்கும் எந்த வீட்டில்தான் அது இல்லை? என் வீட்டில் இரண்டு பொட்டலம் இருக்கிறது. ஆனால் பிரபுவுக்கு அந்தப் பொட்டலம் ரொம்பப் பிடித்துப்போயிற்று. தன் மேசையில் சாப்பிட்டுப் போனவன் செத்துப்போனான் என்று நாலு பேர் பேசுவதைவிட, பொம்பளை விஷம் வைத்தாள் என்பது அவருக்கு வசதி. வோர்ஷிலாவைப் பிடித்து அடைத்தார்கள். வியாழக்கிழமை விசாரணை, வெள்ளிக்கிழமை தாபோரிலிருந்து தண்டனையை நிறைவேற்ற ஆள் வருகிறான் என்றார்கள். விஷம் வைத்த பொம்பளையை எங்கள் பக்கத்தில் உயிரோடு புதைப்பார்கள்.

புதன்கிழமை காலையில் கொஞ்சம் பட்டாணிக் கஞ்சி எடுத்துக்கொண்டு அவளைப் பார்க்கப் போனேன். வைக்கோலில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

"எழுந்திருடி, சாப்பிடு. நாளைக்கு நீ வாயைத் திறந்து பேசணும்."

"என்னத்தப் பேசறது அக்கா? நான்தான் கொன்னேன்."

கஞ்சிச் சட்டியைக் கீழே வைத்துவிட்டேன். "பைத்தியக்காரி, மெதுவாப் பேசு."

"எதுக்கு மெதுவா? காவக்காரன்கிட்டயும் இதையேதான் சொன்னேன். அவன் போய்ப் பிரபுகிட்ட சொல்லிட்டான்."

"பாஷாணமா வெச்ச?"

அப்போதுதான் என் பக்கம் திரும்பினாள். "உனக்குமா புத்தி போச்சு? பாஷாணமாம். அன்னிக்குக் காலையில அவர் கம்பளி பூட்ஸை மாட்டிக்கிட்டுக் கிளம்பினார் அக்கா. நான்தான் புடிச்சு நிறுத்தினேன். அதைக் கழட்டு, தலையைச் சீவு, அங்கயும் போய் நின்னுக்கிட்டே சாப்பிடாதே, உன் கிறுக்குத்தனத்தாலதான் பன்னெண்டு வருசமாக் கோபுரம் கிடைக்கல, இன்னிக்கு ஒரு நாளாவது பெரிய மனுசங்க மாதிரி உட்காருன்னு சொன்னேன். சரின்னாரு. போய் உட்கார்ந்தாரு." வைக்கோல் துரும்பு ஒன்றைப் பிய்த்துப் போட்டாள். "பாதியில ஒரு தடவை எழுந்தாராம். பிரபு ஒரு பார்வை பார்த்தாராம். நான் சொன்னது ஞாபகம் வந்து மறுபடி உட்கார்ந்துட்டாராம். வீட்டுக்கு வந்தப்புறம் எவ்வளவு முக்கியும் ஒரு சொட்டு வரல அக்கா. பத்து நாள் கத்தினாரு. பாதிரியாருக்கே பயப்படாத மனுசன், என் பேச்சைக் கேட்டுச் செத்தாரு. புதைச்சா புதைக்கட்டும்."

எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. அவள் மேல் பாதி, அந்த மேசை மேல் பாதி. செத்தவனுக்காகத் தானும் சாகிறேன் என்கிறவளை வைத்துக்கொண்டு யாரும் அவளைக் காப்பாற்ற முடியாது. அவள் பேசமாட்டாள், அப்படியானால் நான்தான் பேச வேண்டும். எங்கள் ஊரில் பழைய சட்டம் ஒன்று உண்டு. சாவில் சந்தேகம் வந்தால், பிணத்தைக் குளிப்பாட்டியவளைக் கூப்பிட்டுக் கேட்க வேண்டும். அவள் பார்த்ததை எல்லாம் சொல்லி, இவ்வளவுதான் என்று அவளே சொல்லும் வரை விசாரணையை மூடக் கூடாது. பிரபுவாக இருந்தாலும் சரிதான்.

வியாழக்கிழமை காலை, பூசை முடிந்ததும் கோட்டையின் பெரிய கூடத்தில் கூடினார்கள். அதே மேசை. தலைப்பக்கத்தில் ஸ்டிபோர் பிரபு. வலது பக்கம் யெரோனிமுக்கு மருந்து கொடுத்த வைத்தியர் காஷ்பர், இடது பக்கம் ப்ரோகோப். அப்புறம் ஊர்ப் பெரியவர்கள் இரண்டு பேர், கடைசியில் எழுத்தர். வோர்ஷிலாவைச் சுவரோரம் நிறுத்தியிருந்தார்கள். விசாரணை என்றால் மேசையில் பீர் இருக்கும், பிரபு கோப்பையைத் தூக்கினால் எல்லோரும் தூக்குவார்கள். விருந்துக்கு என்ன சட்டமோ அதேதான் இங்கேயும். நான் மேசையின் மறுகோடியில் நின்றேன். எனக்கு யார் பீர் கொடுப்பார்கள்?

காவல்காரனைக் கூப்பிட்டார்கள். நான்தான் கொன்னேன் என்று அவள் சொன்னதாகச் சொன்னான். பிரபு தலையை ஆட்டிவிட்டுக் கோப்பையைத் தூக்கினார். எல்லோரும் குடித்தார்கள். ப்ரோகோப் பொட்டலத்தை எடுத்து வைத்தான். பிரபு மறுபடி தூக்கினார். அவருக்கு வேலை முடிந்த திருப்தி.

"நீ சொல்றதைச் சொல்லிட்டுப் போம்மா," என்றார் எழுத்தர் என்னைப் பார்த்து.

"உடம்புல காயம் இல்ல, புள்ளி இல்ல. வாயில நுரை இல்ல. அடிவயிறு மட்டும் வீங்கியிருந்துச்சு. தட்டினா நிறைஞ்ச பீப்பாய் மாதிரி இருந்துச்சு," என்றேன். "ஐயா விஷத்துல சாகல. ஒண்ணுக்கை அடக்கிச் செத்தாரு. இதே மேசையில உட்கார்ந்து அடக்கினாரு."

பெரியவர் ஒருவருக்கு இருமல் வந்துவிட்டது. காஷ்பர் தாடிக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார். பிரபுவின் காது மட்டும் சிவந்தது.

ப்ரோகோப்தான் வாய்விட்டுச் சிரித்தான். "மூத்திரத்தை அடக்கி எவனாவது செத்திருக்கானா? இவ துணி துவைக்கிற சோப்புத் தண்ணி மூளைக்கு ஏறிடுச்சு. நல்ல குடும்பத்துல பொறந்தவன் காலையிலேர்ந்து ராத்திரி வரைக்கும் அசையாம உட்காருவான். என் அண்ணனுக்கு மரியாதை தெரியாதுதான், அதுக்காக உட்காரக்கூடவா தெரியாது?"

"நீங்க உட்காருவீங்களா ஐயா?"

"நான் பிரபு மேசையில விடியற வரைக்கும் உட்காருவேன்டி."

அவன் முன்னால் இருந்த கோப்பையைப் பார்த்தேன். வேலைக்காரன் மூன்றாவது தடவை நிரப்பிக்கொண்டிருந்தான். அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. எனக்கு எழுத்துத் தெரியாது, ஆனால் வாய் உண்டு. துவைத்துறையில் என் வாயை நிறுத்தியவர்கள் இதுவரை யாருமில்லை.

"நல்லது ஐயா. நான் இன்னும் முடிக்கல," என்றேன். "பத்து விரிப்பு துவைச்சேன். ஒவ்வொண்ணா சொல்லணும்."

"சுருக்கமாச் சொல்லு," என்றார் பிரபு.

"ஒரு பொம்பளையை உயிரோட புதைக்கப் போறீங்க பிரபு. சுருக்கமா எப்படிச் சொல்றது?"

பிரபு என்னை முறைத்துவிட்டுக் கோப்பையைத் தூக்கினார். எல்லோரும் தூக்கினார்கள்.

முதல் விரிப்பிலிருந்து ஆரம்பித்தேன். எந்தச் சணலில் நெய்தது, யார் வீட்டுத் தறி, எந்த மூலையில் தையல் விட்டிருந்தது, எல்லாம் சொன்னேன். ஒன்பது வருஷமாக அந்த வீட்டு விரிப்புகளைத் துவைக்கிறேன், அவருக்குக் குடித்துவிட்டுப் படுக்கிற வழக்கம் உண்டு, அப்படிப்பட்ட நாளில் விரிப்பு எப்படி இருக்கும் என்று விளக்கமாகச் சொன்னேன். இந்த விரிப்பில் வேர்வை உப்பு மட்டும்தான் இருந்தது, வேறு ஒரு துளி இல்லை என்றேன். இரண்டாவதுக்குப் போவதற்கு முன், சாம்பல் தண்ணீரில் ஊறவைத்தால் வேர்வைக் கறை என்ன நிறமாகும், மூத்திரக் கறை என்ன நிறமாகும் என்று விளக்கினேன். அதைப் பெரியவர்கள் தலையாட்டிக் கேட்டார்கள், அவர்கள் வீட்டிலும் பேரப்பிள்ளைகள் உண்டு. மூன்றாவதில் வாந்தி இருந்ததா என்று நானே கேட்டு, இல்லை என்று நானே சொன்னேன். பாஷாணம் தின்ற எலிகூட வாந்தி எடுக்கும், நாலாம் நாள் இவர் பட்டாணிக் கஞ்சி கேட்டுச் சாப்பிட்டார் என்றேன். ஓடுகிற தண்ணீரில் அலசினேன் என்றும், அன்றைக்கு மதகைத் திறந்திருந்தார்கள், தண்ணீர் சளசளவென்று கொட்டியது என்றும் சொன்னேன். அது உண்மைதான். ஆனால் சளசள என்பதை ஒரு தடவைக்கு நாலு தடவை சொன்னேன்.

நான் பேசப் பேசப் பிரபுவுக்கு எரிச்சல் ஏறியது. எரிச்சல் வந்தால் அவர் கை தானாகக் கோப்பைக்குப் போகும். அவர் குடித்தால் எல்லோரும் குடிக்க வேண்டும்.

ஆறாவது விரிப்பில் ரத்தம் கலந்து இரண்டே இரண்டு சொட்டு இருந்ததைச் சொன்னபோது வோர்ஷிலா தலை நிமிர்ந்தாள். அப்போது ப்ரோகோப் ஒரு காலை இன்னொரு காலின் மேல் போட்டுக்கொண்டான். ஏழாவதுக்கு வந்தபோது காலை மாற்றிப் போட்டான். நெற்றியில் வேர்வை.

"இன்னும் எத்தனை?" என்றான்.

"மூணு ஐயா. ஆனா எட்டாவது கொஞ்சம் நீளம்."

"பிரபு, இவ வேணும்னே இழுத்தடிக்கிறா."

"சட்டம் அப்படி," என்றார் பெரியவர்களில் ஒருவர், என்னைப் பார்க்காமல். அவருக்கு நான்தான் சட்டை துவைக்கிறேன்.

எட்டாவது விரிப்பை விரித்தேன், வாயால்தான். அன்றைக்கு மழை பெய்தது. மழையைப் பற்றி நிதானமாகச் சொன்னேன். கூரையிலிருந்து ஒழுகியது, பீப்பாயில் சொட்டியது, பீப்பாய் நிறைந்து வழிந்தது. நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. ப்ரோகோப் எழுந்து நின்றிருந்தான்.

பிரபு உட்கார்ந்திருக்க அந்த மேசையில் எழுந்து நின்றவர், அதற்கு முன் யெரோனிம் ஒருத்தர்தான். பிரபு அவனை ஒரு பார்வை பார்த்தார். யெரோனிமைப் பார்த்த பார்வையும் அதுவாகத்தான் இருந்திருக்கும். ப்ரோகோப் உட்கார்ந்துவிட்டான். முகம் சுண்டிப்போய்விட்டது.

"பிரபு, தயவு பண்ணி... நான் வெளியே போகணும்," என்றான். குரல் பிள்ளைக் குரல் மாதிரி ஆகியிருந்தது.

"விடியற வரைக்கும் உட்காருவேன்னீங்களே ஐயா," என்றேன். "இன்னும் மத்தியானமே ஆகல." பிறகு பிரபுவைப் பார்த்துச் சொன்னேன். "இவரைப் போக விடாதீங்க பிரபு. சாயங்காலம் வரைக்கும் உட்கார வைங்க. பத்து நாள் பார்ப்போம். இவர் நல்லா இருந்தா வோர்ஷிலாவோட என்னையும் சேர்த்துப் புதைச்சிடுங்க."

"வைத்தியரே," என்றார் பிரபு. "இப்படிச் சாக முடியுமா?"

காஷ்பர் தன் இரண்டு முட்டிகளையும் ஒட்டவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பத்து நாளும் நெஞ்சில் துக்கம் என்று சொல்லிக் கஷாயம் கொடுத்தவர் அவர்தான். "முடியும் பிரபு," என்றார், தரையைப் பார்த்துக்கொண்டு. "எனக்கு அப்பவே தெரிஞ்சுதான் இருந்துச்சு."

ப்ரோகோப் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு முனகினான்.

"போ," என்றார் பிரபு.

ப்ரோகோப் ஓடினான். கதவைச் சாத்தக்கூட இல்லை.

"அவ்வளவுதானே பிரபு," என்றேன். "ஒரே ஒரு வார்த்தை. அன்னிக்கு அவர் பாதியில எழுந்து நின்னப்ப இதைச் சொல்லியிருந்தா, இன்னிக்கு அவர் எங்க வீட்டுக் கதவைத் தட்டி அடுப்பை அணைக்கச் சொல்லிட்டிருப்பாரு."

என் நாக்கை அறுப்பார்கள் என்றுதான் நினைத்தேன். பிரபு என்னைப் பார்க்கவேயில்லை. எழுத்தர் பக்கம் திரும்பி, "மூத்திரப்பையில் கல். கடவுள் சித்தம். அவளை விட்டுடு. எழுதிக்கோ," என்று வேகவேகமாகச் சொல்லிவிட்டு எழுந்தார். அவர் நடை எங்கே போகிற நடை என்று எனக்குத் தெரிந்தது. அவர் எழுந்ததுதான் தாமதம், காஷ்பரும் பெரியவர்களும் இன்னொரு கதவு வழியாக ஒருவரை ஒருவர் தள்ளிக்கொண்டு வெளியேறினார்கள்.

கூடத்தில் எழுத்தரும் காவல்காரனும் நாங்கள் இரண்டு பேரும்தான் மிச்சம். காவல்காரன் அவள் கைக்கட்டை அவிழ்த்தான். நான் அவள் தோளைப் பிடித்தேன்.

"கேட்டியாடி? அவரை எழுந்திருக்க விடாதது யாருன்னு, பிரபு சொன்ன அந்தப் 'போ'விலேயே வெளிய வந்துடுச்சு. நீ உட்காருன்னு மட்டும்தான் சொன்ன. எழுந்திருக்காதேன்னு நீ சொல்லல. வா, போகலாம்."

அவள் நகரவில்லை. மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டே எழுத்தரின் காகிதத்தைப் பார்த்தாள். யெரோனிம் அவளுக்குப் படிக்கக் கற்றுக் கொடுத்திருந்தார்.

"கல்லுன்னு எழுதியிருக்கு," என்றாள். அன்றைக்கு அவள் பேசிய முதல் பேச்சு அது.

"பிரபு சொன்னதும்மா," என்றார் எழுத்தர். "உன்னை விட்டாச்சு. பேசாம வீட்டுக்குப் போ."

"கல்லு இல்ல. அடிச்சிட்டு எழுதுங்க. ஸ்டிபோர் பிரபு மேசையில எழுந்திருக்க விடாததால செத்தாருன்னு எழுதுங்க."

"வோர்ஷிலா, உயிர் பிழைச்சது போதும், வாடி," என்றேன் நான். இவ்வளவு நேரம் பேசிய எனக்கே அப்போது பயம் வந்துவிட்டது, அதை ஏன் மறைக்க வேண்டும்?

"பொய் எழுத மாட்டேன்னுதான் அக்கா அவர் பாதிரியார்கிட்ட பதினாலு வருசம் மல்லுக்கட்டினாரு. அவரைப் பத்தியே ஒரு பொய்யை எழுதி வெச்சிட்டு நான் எப்படி வர்றது?"

ப்ரோகோப் உட்கார்ந்திருந்த நாற்காலி பின்னால் தள்ளிக் கிடந்தது. அதை இழுத்துப் போட்டு மேசையில் உட்கார்ந்தாள். எழுத்தர் கதவைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், அப்புறம் என்னைப் பார்த்தார். நான் என்ன செய்வது? நானும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "இவ்வளவுதான்னு நான் இன்னும் சொல்லலையே ஐயா," என்றேன்.

எழுத்தர் பேனாவை மையில் தோய்த்து ஒரு கோடு அடித்தார். அதன் மேல் வேறு ஏதோ எழுதினார். வோர்ஷிலா ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்துப் படித்தாள். தப்பில்லை என்று தலையாட்டினாள். அதன் கீழே என் குறியைப் போட்டேன்.

வாசலில் காலடிச் சத்தம் கேட்டது. எழுத்தர் துள்ளி எழுந்தார், காவல்காரன் முதுகை நிமிர்த்தினான். பிரபு உள்ளே வந்தார். நாங்கள் இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை.